பாதை அமைத்த பேராசிரியர்

(உரைநடை)

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற ஊர் புரூம். அவ்வூரில் 1940ஆம் ஆண்டு பிறந்தவர் மேரி ஆன் பின் சாலிக். இவர் ஜாரு என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர்.

அக்காலத்தில் பழங்குடிக் குழந்தைகள் பலரை அதிகாரிகள் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் வளர்த்தனர். அங்குத் தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். உயர்கல்வியோ எட்டாக்கனியாக இருந்தது.

மேரி ஆன் முதலில் செவிலியர் ஆனார். பதினேழு ஆண்டுகள் அப்பணியாற்றிய பின், 1975இல் அடிலெய்டு நகரில் கல்விப்பணிக்கு வந்தார். கல்லூரிப் படியேறிய பழங்குடி மாணவர்களுக்குத் துணைநின்றார். தாம் கற்பதையும் நிறுத்தவில்லை. ஏறத்தாழ ஐம்பது வயதில், 1989இல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இவரே.

பின்னர் டார்வின் நகரில் பேராசிரியராகப் பணியாற்றினார். பட்டம் பெற்ற பழங்குடிப் பெண்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டு நூலாக்கினார். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' கல்விக்கூடங்களுக்குத் தேவை என்றும் எழுதினார். மாணவர் தம் மொழியையும் முன்னோரையும் மறைக்காமல் வகுப்பறையில் அமர முடிதலே அப்பாதுகாப்பு. அஃது இல்லையேல், கல்லூரியில் இடம் கிடைத்தும் மனம் ஒன்றிக் கற்க இயலாது.

பிரிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த தேசிய விசாரணையிலும் இவர் இணை ஆணையராகப் பங்கேற்றார். தாயை இழந்த பிள்ளைகளும் பிள்ளையை இழந்த தாயரும் உள்ளிட்ட 535 பழங்குடியினர் தம் துயரை அவ்விசாரணையில் எடுத்துரைத்தனர். அறிக்கை 1997இல் வெளிவந்தது. 2008 பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இழந்த இளமை மீளவில்லை; ஆயினும், மறைக்கப்பட்ட உண்மை நாடறிந்ததாயிற்று.

தாம் கடந்த வாயிலைப் பிறருக்கும் திறந்து வைப்பதே கல்வியின் பயன் என்பதை இவர் வாழ்வு உணர்த்துகிறது.

சொற்பொருள்

எட்டாக்கனி – அடைய இயலாதது
செவிலியர் – நோயாளரைப் பேணுபவர்
முனைவர் – ஆய்வுப் பட்டம் பெற்றவர்
வாயில் – நுழைவழி

பயிற்சி

1. மேரி ஆன் ஆசிரியப் பணிக்கு முன் என்ன பணி செய்தார்?
2. 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்பதை உம் சொற்களில் விளக்குக.
3. பிரித்து எழுதுக: எட்டாக்கனி, தாய்மொழி, நாடறிந்த.
4. மன்னிப்புக் கேட்பதால் இழப்பு ஈடாகுமா? வகுப்பில் உரையாடுக.
5. உம் வீட்டில் மட்டும் வழங்கும் ஐந்து சொற்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வருக.