பறவை வரையப் பழகுவோருக்கு ஏழு சொற்கள்

நோட்டும் பென்சிலுமாக ஏரிக்கரைகளில் உட்கார்ந்தே என் தலை நரைத்துவிட்டது. புதிதாக வரைய வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்லி வைக்கிறேன்.

1. வீட்டைச் சுற்றி இருப்பதிலிருந்து தொடங்குங்கள். காகம், மைனா, தவிட்டுக்குருவி போதும். அரிய பறவை ஒரு கணம் தெரிந்து மறையும். காகமோ நாளெல்லாம் உங்கள் முன்னால் நின்று பாடம் நடத்தும்.

2. முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள், பாருங்கள். வரப்பில் குறுகி நிற்கும் மடையான் மண்ணோடு மண்ணாகத் தெரியும். எழுந்து பறந்தால் வெள்ளைச் சிறகு பளீரென்று விரியும். நத்தைக்குத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். அதன் குஞ்சுக்கு அந்த இடைவெளி இராது. பொறுத்துப் பார்ப்பவருக்கே இவை வசப்படும்.

3. உடலமைப்பைப் படியுங்கள். பறவையின் காலில் பின்பக்கம் மடிவதை முழங்கால் என்று நினைப்போம், அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. காகத்துக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. இளம் வயதில் நான் கிளிக்குக் காகத்தின் கால்களைப் போட்டுவிட்டேன். பள்ளிச் சிறுமி ஒருத்தி அதைக் கண்டு சொன்னாள். அன்றிலிருந்து எந்தப் பறவையானாலும் காலை உற்றுப் பார்க்காமல் கோடு போடுவதில்லை.

4. பறவை அசைந்தால் வரைந்ததை அழிக்காதீர்கள். பக்கத்திலேயே அடுத்த படத்தைத் தொடங்குங்கள். சற்று நேரத்தில் அது பழைய நிலைக்கே திரும்பும். விட்ட கோட்டைத் தொடரலாம்.

5. பொருளுக்காகக் கடன்பட வேண்டாம். 2பி பென்சிலும் கோடு போடாத நோட்டும் போதும். வாட்டர் கலருக்கு வரும்போது 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். கொக்கின் வெண்மைக்குத் தாளையே விட்டுவைத்து, நிழலை மட்டும் தீட்டுங்கள்.

6. கூட்டை நெருங்காதீர்கள். தாய் எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். காகம் கொத்திப் போகும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. ஓர் ஊரே இப்படி அடங்கியிருக்கும்போது ஓவியர் கரையிலேயே நிற்பது பெரிய காரியமல்ல.

7. வரைந்ததைப் பத்துப் பேருக்குக் காட்டுங்கள். தேதி, இடம், நேரம், பறவை செய்துகொண்டிருந்த வேலை எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வெளியில் சொல்லாதீர்கள். பிறர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் அனுமதி கேட்டு, அவர் பெயரையும் எழுதுங்கள். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) தாம் கண்ட உயிரினங்களைப் பற்றி எழுதியதோடு, அவற்றைத் தம் கையாலேயே வரைந்தும் காட்டினார். கண்டதைக் கண்டபடி சொல்லும் அந்த நேர்மையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பறவையை வரைந்த பிள்ளை அதன்மேல் கல்லெறியாது. ஆகவே உங்கள் நோட்டை முதலில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பென்சில் கொடுங்கள்.