மானத்தின் விலையை யார் கொடுக்கிறார்?

மானம் பெரிதா, செல்வம் பெரிதா என்பது நம் பட்டிமன்ற மேடைகளுக்குப் பழகிப்போன தலைப்பு. மானமே பெரிது என்று முழங்குபவருக்குக் கைதட்டல் நிச்சயம். மேடையை விட்டு இறங்கியபின் பேசியவரும் கேட்டவரும் செல்வத்தைத் தேடித் தத்தம் வழியே செல்கின்றனர். இதைக் காணும் சிலர், 'இந்தக் காலத்தில் மானத்தை யார் மதிக்கிறார்கள்?' என்று சலித்துக்கொள்கின்றனர்.

உற்று நோக்கினால் உண்மை வேறாக இருக்கிறது. இன்றைய சமுதாயம் மானத்தை மறந்துவிடவில்லை. மகளின் திருமணத்தை ஊர் மெச்ச நடத்துவதற்காக இருக்கும் நிலத்தை அடகு வைக்கும் தந்தை, செல்வத்தைவிட மானத்தையே பெரிதாக நினைக்கிறார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் பையோடு கிளம்பிப் பூங்காவில் அமர்ந்துவிட்டு மாலையில் திரும்பும் இளைஞனும் மானத்துக்கே அஞ்சுகிறான். ஆக, மானமா செல்வமா என்று கேட்பதற்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதை நாம் மானம் என்கிறோம்?

ஒரு சொல், இரு பொருள்

திருவள்ளுவர் 'பொருள் செயல்வகை'யையும் 'மான'த்தையும் பொருட்பாலிலேயே வைத்திருக்கிறார். பொருளீட்டலும் மானம் காத்தலும் ஒரே வாழ்வின் இரு கடமைகள் என்பது இதனால் விளங்கும். தமிழில் 'மானம்' என்ற சொல் பெரும்பாலும் உயர்வையே குறிக்கிறது. வடமொழியில் இதே சொல்லுக்கு மதிப்பு என்ற பொருளும் உண்டு, செருக்கு என்ற பொருளும் உண்டு. பகவத்கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஞானத்துக்குரிய பண்புகளைப் பகவான் வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது 'அமானித்வம்', அதாவது தன்னைப் பெரிதாக எண்ணாமை.

கீதையைப் பயிலும் அன்பர்களுக்கு இங்கு ஓர் ஐயம் எழலாம். இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனிடம், போரிலிருந்து விலகினால் உலகம் உன்னைப் பழிக்கும், மதிக்கப்பட்ட ஒருவனுக்குப் பழி மரணத்தைவிடக் கொடியது என்ற கருத்தைச் சொல்கிறார். பன்னிரண்டாம், பதினான்காம் அத்தியாயங்களிலோ, மானத்தையும் அவமானத்தையும் சமமாகக் கொள்பவனே உயர்ந்தவன் என்கிறார். இவை முரண் அல்லவா?

ஸ்ரீ சங்கரர் தமது பாஷ்யத்தில் இதற்கு விடை தருகிறார். பழி, புகழ் பற்றிய அந்த ஸ்லோகங்கள் அர்ஜுனனின் சோகத்தையும் மோகத்தையும் போக்குவதற்காகக் கூறப்பட்ட உலகியல் நியாயமே. கீதையின் தாத்பரியம் அதுவன்று என்பது அவர் கருத்து. உலகியல் நியாயத்தைச் சொல்லி முடித்த உடனேயே பகவான், இன்பதுன்பங்களையும் லாபநஷ்டங்களையும் வெற்றிதோல்விகளையும் சமமாகக் கருதிப் போரிடுமாறு பணிக்கிறார். தளர்ந்தவனை எழுப்பி உட்கார வைக்க ஊர்ப்பேச்சு பயன்படலாம். எழுந்தபின் அவன் நடக்க வேண்டியது அதன் துணையால் அன்று.

பிறர் தரும் மதிப்பும் ஒரு வகைச் செல்வமே. பணத்தைப் போலவே அதையும் ஈட்டலாம், இழக்கலாம், காட்டிப் பெருமைப்படலாம், அதற்காகப் பொய்யும் சொல்லலாம். செல்வத்துக்கு மேலாக வைக்கத் தகுந்த மானம் வேறு. தான் கொடுத்த சொல்லையும் தன் மனச்சான்றையும் விற்க மறுக்கும் உறுதியே அது. இவ்விரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். பிரித்தறிய ஓர் எளிய உரைகல் உண்டு: இந்த மானத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்? மெய்யான மானம் உடையவர் தாமே கொடுக்கிறார். பொய் மானம் பிறரைக் கொடுக்க வைக்கிறது.

கடன் தீர்க்க உலகைச் சுற்றியவர்

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், 1894-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமது பதிப்பகம் நொடித்துப்போய்ப் பெருங்கடனில் மூழ்கினார். அச்செழுத்துகளைக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் செய்திருந்த முதலீடும் வீணாயிற்று. திவாலான பதிப்பகத்தின் கடன் முழுவதையும் தம் சொந்த உழைப்பால் அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டப்படி அவருக்கு இல்லை. பாதித் தொகையோடு கணக்கை முடித்துக்கொள்ளும் வழியும் பேசப்பட்டது. அவரும் அவர் மனைவி ஒலிவியாவும் முழுக்கடனையும் அடைப்பது என்றே உறுதிகொண்டனர்.

அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அவர், 1895-இல் உடல்நலம் குன்றிய நிலையில் சொற்பொழிவுப் பயணம் புறப்பட்டார். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து நாடுகளைக் கடந்து 1896 ஜனவரியில் பம்பாய் வந்து சேர்ந்தார். அலகாபாத், காசி, கல்கத்தா என நம் நாட்டு நகரங்களில் பயணம் செய்தார். காசியில் சுவாமி பாஸ்கரானந்த சரஸ்வதியைச் சந்தித்துத் தமது நூல் ஒன்றை அவருக்கு அளித்தார். ஒருவர் கட்டியிருந்த துணியையும் துறந்த துறவி. மற்றவர் கடைசி டாலர் வரை கடனை அடைக்க உலகைச் சுற்றிய இல்லறத்தார். அவரவர் தர்மத்தில் அவரவர் நின்றனர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, அமெரிக்காவில் விட்டுவந்த மூத்த மகள் ஸூஸி நோயுற்று இறந்தாள். மகளின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. அந்தத் துயரிலும் அமர்ந்து பயண நூலை எழுதி முடித்தார்; அது 1897-இல் வெளிவந்தது. 1898-இன் தொடக்கத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது. இந்த முயற்சியில் அவருடைய பணக் கணக்குகளைப் பொறுப்பேற்றுச் சீர்செய்தவர் ஹென்றி ரோஜர்ஸ் என்ற எண்ணெய் நிறுவனச் செல்வந்தர். செல்வம் மானத்துக்குப் பகையன்று. நல்லவர் கையில் அது மானத்துக்குத் துணை நிற்கும்.

இங்கு நாம் கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வியாபாரத்தில் நொடித்தாலோ, தேர்வில் தோற்றாலோ 'மானம் போயிற்று' என்று உயிரையே மாய்த்துக்கொள்ளும் துயரம் இன்று நம் வீடுகளில் நிகழ்கிறது. பொருள் போவது வேறு, மானம் போவது வேறு. கடன்பட்டதால் மார்க் ட்வைனின் மானம் போகவில்லை. அவர் உயிரோடு இருந்ததால்தான் அதைக் காத்துக்கொள்ள முடிந்தது. தோற்றவரிடம் 'இனி ஊர் முகத்தில் எப்படி விழிப்பாய்?' என்று கேட்பது பாவம். 'வா, அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்' என்று அருகில் அமர்வதே தர்மம்.

பதவியும் ஒரு செல்வமே

நம் நாட்டில் லால்பகதூர் சாஸ்திரியின் வாழ்வு இதற்குச் சான்று. 1956 நவம்பரில் அரியலூர் அருகே நிகழ்ந்த ரயில் விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி பதவி விலகினார். அவர் ரயிலை ஓட்டவில்லை, பாலத்தைக் கட்டவில்லை. ஆயினும் தமது துறையில் நேர்ந்ததற்குத் தாமே பொறுப்பு என்று கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்பு மெகபூப்நகர் விபத்தின்போதும் விலக முன்வந்தவர் அவர். பிரதமர் நேரு அப்போது அதை ஏற்கவில்லை.

பிற்காலத்தில் பிரதமராக இருந்தபோது, குடும்பத்துக்கென ஒரு ஃபியட் கார் வாங்க அவரிடம் போதிய பணம் இல்லை. பஞ்சாப் நேஷனல் வங்கியில் ரூ.5,000 கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் காலமானபோது அக்கடன் அடைபடாமல் இருந்தது. அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார். நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவரின் குடும்பம் இது. அந்த அம்மையார் தவணை செலுத்தினார். விலையைத் தாமே கொடுத்தார்.

பொய் மானம்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு சிறந்த நிர்வாக நெறிக்கான விருது பெற்றது. சில மாதங்களில், 2009 ஜனவரி 7 அன்று, அதன் தலைவர் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாகப் புனையப்பட்டவை என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கையிருப்பாகக் காட்டப்பட்டதில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை. ஒரே நாளில் பங்கின் மதிப்பு முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. 2015-இல் விசாரணை நீதிமன்றம் அவரையும் மற்றும் சிலரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. சிறிதாகத் தொடங்கிய இடைவெளி, அதை மறைக்க மறைக்கப் பெரிதானது என்பதே அக்கடிதம் சொன்ன செய்தி. வளர்ச்சி குன்றியது என்று உலகம் நினைத்துவிடுமோ என்ற அச்சமும் அங்கே வேலை செய்தது. அந்தப் பொய் மதிப்புக்கான விலையைக் கொடுத்தவர்களோ, சேமிப்பை அதில் போட்டிருந்த சாமானியர்களும் ஒன்றும் அறியாத ஊழியர்களும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பிள்ளைகள் தம் விருப்பப்படி மணந்துகொண்டதற்காக, 'குடும்ப மானம்' என்று சொல்லி அவர்களைக் கொல்பவர்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கிறார்கள். வயது வந்த இருவர் மணம்புரிவதற்குக் குடும்பத்தின், சமூகத்தின் சம்மதம் தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. நம் உரைகல்லை இங்கே வைத்துப் பார்ப்போம். பெற்றவருடைய மானத்துக்கு மகள் தன் உயிரை விலையாகக் கொடுக்கிறாள். இதற்கு மானம் என்று பெயரிடுவது அச்சொல்லுக்கே இழுக்கு. கீதை நீக்கச் சொல்லும் செருக்கே இங்கு மானத்தின் உடையணிந்து வந்திருக்கிறது.

நசிகேதன் கண்ட வெட்கம்

கடோபநிஷத்தின் தொடக்கத்தில் வாஜசிரவஸ் பெரிய யாகம் செய்கிறார். அனைத்தையும் தானம் செய்தவர் என்ற பெயர் அவருக்கு வேண்டும். அவர் கொடுப்பதோ பால் வற்றிய, ஈனும் வலுவிழந்த கிழப்பசுக்கள். செல்வமும் குறையக் கூடாது, புகழும் வர வேண்டும். இந்தப் பொய்யைக் கண்டு வெட்கப்பட்டவன் சிறுவன் நசிகேதன் ஒருவனே. தந்தையின் தானம் மெய்யாக வேண்டும் என்ற எண்ணத்தில், 'என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?' என்று கேட்டான். கோபத்தில் தந்தை, யமனுக்குக் கொடுத்ததாகக் கூறிவிட்டார். அந்தச் சொல் பொய்யாகக் கூடாது என்று யமனிடமே சென்றான்.

யமன் அவனுக்குப் பொன்னும் யானைகளும் குதிரைகளும் நீண்ட ஆயுளும் தர முன்வந்தான். நசிகேதன் அவற்றை ஏற்கவில்லை. ஆத்ம ஞானத்தையே வேண்டினான். சொல்லைக் காக்கத் தன்னையே விலையாகக் கொடுத்தவனுக்குச் செல்வத்தை மறுப்பது எளிதாயிற்று. இது நம் சாதனைக்கான படிக்கட்டு. செல்வத்துக்காக மானத்தை விற்காதிருப்பது முதற்படி. பிறர் தரும் மானத்தையும் வேண்டாது தன் சொல்லில் நிற்பது அடுத்த படி. மானமும் அவமானமும் தீண்டாத ஆத்மாவில் நிலைபெறுவது இறுதிப் படி. முதற்படியில் கால் வைக்காதவர், 'எனக்கு மானமும் அவமானமும் ஒன்றே' என்று சொல்வது சமத்துவம் அன்று, கூச்சமின்மை.

ஆகவே இன்றைய சமுதாயத்திலும் செல்வத்தைவிட மானம் பெரிதே. ஆனால் அது ஊர் தரும் மானம் அன்று. நாம் நம் சொல்லுக்குத் தரும் மானம். வங்கித் தவணை, வாக்குக் கொடுத்த உதவி, பணியாளருக்குத் தர வேண்டிய கூலி ஆகிய எளிய இடங்களிலேயே அது தினமும் சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் நிற்கும் வலிமையை இறைவன் நமக்கு அருள்வாராக.

சிந்தனைக்கு

1. சென்ற ஓராண்டில் 'மானம்' என்று கருதி நான் செய்த பெருஞ்செலவு எது? அதன் விலையை உண்மையில் கொடுத்தவர் யார்?

2. யாரும் பார்க்காவிட்டாலும், யாரும் கேட்காவிட்டாலும் நான் நிறைவேற்ற வேண்டிய வாக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?

3. என் குடும்பத்தில் தோல்வியுற்ற ஒருவர் தலைநிமிர்ந்து வீட்டுக்குள் வரும் நிலையை நான் உருவாக்கியிருக்கிறேனா?