டிரிபனோசோமின் கேடயம்

உசிலம்பட்டிப் பக்கம் மாடு வளர்ப்போர் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் பெரிய ஈ ஒன்று மாட்டின் முதுகில் அமர்ந்து சுருக்கென்று கடிக்கும். மாடு வாலை வீசியதும், பாதி இரத்தம் குடித்த நிலையில் அடுத்த மாட்டுக்குத் தாவும். அதன் வாயில் ஒட்டிய இரத்தத்தோடு ஒரு கிருமியும் போகக்கூடும். அதுவே சர்ரா நோயைத் தரும் டிரிபனோசோமா இவான்சி.

ஆப்பிரிக்காவில் மனிதர்களுக்குத் தூக்க நோயைத் தரும் ஒட்டுண்ணிக்கு இது நெருங்கிய உறவு. 1880இல் கிரிஃபித் இவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபிலிருந்த தேரா இஸ்மாயில் கானில், நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் இதைக் கண்டார்.

இந்த ஒரு செல் உயிர், இரத்தத்திலுள்ள குளுக்கோஸை மிக வேகமாகத் தின்கிறது. அடுப்பு எரிந்தால் சாம்பல் சேரத்தானே செய்யும்? இதற்கும் கழிவு உண்டு. குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல், பைருவேட் என்ற பொருளாக்கி இரத்தத்திலேயே கொட்டிவிடுகிறது.

எல்லாக் கழிவையும் இப்படிக் கொட்டிவிட முடியாது. ஹைடிரஜன் பெராக்ஸைடு என்ற நஞ்சு செல்லுக்குள்ளேயே தோன்றி, அங்குள்ள புரதங்களைத் தாக்கும். நம் செல்களிலும் இது தோன்றுகிறது. அதைச் சிதைக்க நம்மிடம் கேட்டலேஸ் என்ற நொதியும், குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறும் உள்ளன. இந்தக் கிருமியிடம் கேட்டலேஸ் இல்லை. பிறகு எப்படிப் பிழைக்கிறது?

1985இல் ஆலன் ஃபேர்லாம்ப், அந்தோணி செராமி முதலிய விஞ்ஞானிகள் விடை கண்டனர். டிரிபனோசோம் இரண்டு குளுட்டாதயோன்களை ஸ்பெர்மிடின் என்ற பொருளால் பிணைத்து, டிரிபனோதயோன் என்ற புதிய மூலக்கூறைச் செய்துகொள்கிறது. இது எலெக்ட்ரான்களைக் கொடுக்க, பெராக்ஸைடு வெறும் நீராகிறது. எலெக்ட்ரான்களை இழந்த டிரிபனோதயோனை ஒரு நொதி பழைய நிலைக்கு மீட்கிறது. கேடயம் மறுபடியும் தயார்!

டிரிபனோதயோன் நம் உடலிலும் இல்லை, மாட்டின் உடலிலும் இல்லை. எனவே இந்தக் கேடயத்தை மட்டும் குறிவைத்துத் தாக்கினால், கிருமி சாகும், மாடு பிழைக்கும். தூக்க நோய்க்குத் தரப்படும் எஃப்லார்னிதின் என்ற மருந்து, ஸ்பெர்மிடின் உண்டாவதைக் குறைத்துக் கேடயத்தை மெலிய வைக்கிறது. ஆர்சனிக் சேர்ந்த சில மருந்துகளோ டிரிபனோதயோனையே பற்றிக்கொள்கின்றன.

உங்கள் வீட்டு மாடு விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டு, மெலிந்து, கால் வீங்கினால் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் செல்லுங்கள். மருத்துவர் ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். அவரிடம் கேட்டு நீங்களும் பாருங்கள். சிவப்பணுக்களுக்கிடையே ஏதேனும் நெளிந்து ஓடுகிறதா?