பிளைவீல் குறியைப் பரிசோதித்தல்
(ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு)

ஆயில் எஞ்சினைப் பிரித்து மராமத்துச் செய்யும் அங்கத்தினர்கள் பிஸ்டன், ரிங், லைனர் ஆகியவற்றின் விலையை நான்கு கடைகளில் விசாரித்தே வாங்குகின்றனர். ஆனால் பிளைவீலின் விளிம்பில் வெட்டப்பட்டுள்ள ஒரு சிறு கோட்டைப் பற்றி விசாரிப்பார் அரியர். அக்கோடு இடம் மாறியிருப்பின் புதிய சாமான்களுக்குச் செலவிட்ட பணம் வீணாகிறது.

1990ஆம் ஆண்டில் விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்ட பின்னர் ஆயில் எஞ்சின்களின் தொகை குறைந்தது மெய்யே. எனினும் மின் இணைப்புக் கிட்டாத கிணறுகளிலும், அர்ச்சுனா நதியை ஒட்டி ஆனைக்குட்டம் பகுதியில் நீர் இறைக்கும் இடங்களிலும் அவை இன்றும் தேவைப்படுகின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் மிளகாய்ப் பாத்தி காய்கையில் எஞ்சின் பட்டறையில் கிடக்குமாயின், அந்நஷ்டம் சங்கத்துக் கடன் தவணை வரை வந்து சேர்கிறது.

பிளைவீல் கோட்டின் பொருளை முதலில் அறிவோம். பிஸ்டன் தன் மேல் எல்லையைத் தொடும் நிலையைப் பட்டறையில் ‘டாப்’ என்பர். விளிம்பிலுள்ள டாப் குறி, எஞ்சின் உடம்பிலுள்ள முள்ளுக்கு நேராக நிற்கும்போது பிஸ்டனும் உச்சியில் நிற்க வேண்டும். டீசல் உள்ளே பீய்ச்சப்படுவது இதற்குச் சற்று முன்னரே தொடங்கும். நம் நாட்டில் பெயர் பெற்ற கிர்லோஸ்கர் டிவி1 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இதன் ஓட்டம் நிமிஷத்திற்கு 1500 சுற்று. சிலிண்டரின் உள்விட்டம் 87.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் பயணம் 110 மில்லிமீட்டர். இதில் டாப்பிற்கு 23 பாகை முன்பாக டீசல் பீய்ச்சத் தொடங்க வேண்டும் என்பது கணக்கு. அத்தருணத்தில் பிஸ்டன் உச்சிக்குச் சுமார் 5.4 மில்லிமீட்டர் கீழே இருக்கும். இந்த வேகத்தில் ஒரு பாகை கடக்க ஒரு விநாடியில் 9000இல் ஒரு பங்கே ஆகிறது.

பீய்ச்சுதல் மிகவும் முந்தினால் எஞ்சின் சுத்தியலால் அடிப்பது போல் ஒலிக்கும். கைப்பிடி போட்டுச் சுற்றுகையில் எதிர்த்து உதைக்கும். பிந்தினால் புகை மிகும், வலு குறையும், டீசல் செலவு ஏறும். இரண்டிலும் பழி பெரும்பாலும் நாசில் மேலும் லைனர் மேலுமே விழுகிறது.

ஓர் அங்கத்தினர் தமது எஞ்சினின் விரிசல் கண்ட பிளைவீலை நீக்கிப் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்று வாங்கிப் பொருத்தினார். மெக்கானிக் அதிலிருந்த டாப் கோட்டை நம்பி டைமிங் வைத்தார். அது வேறு மாதிரி எஞ்சினுக்குரிய சக்கரம். கோடு மெய்யான டாப்பிற்கு 12 பாகை முன்னதாகவே முள்ளுக்கு வந்துவிட்டது. ஆகவே டீசல் 23 பாகைக்குப் பதில் 35 பாகையில் பீய்ச்சிற்று. ஒரு கோடையில் இருமுறை ஹெட் கேஸ்கெட் போயிற்று. பில்கள் மூன்று வந்தன. சக்கரத்தை மாற்றாதபோதும், சாவி தேய்ந்தாலோ, முள் வளைந்தாலோ, முன்பு வேலை செய்தவர் உளியால் தம் பங்கிற்கு ஒரு கோடு போட்டிருந்தாலோ இதே விபரீதம் நேரலாம். தணிக்கைக்குச் செல்லும் நாம் பேரேட்டில் எழுதிய ரொக்க இருப்பை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. பெட்டியைத் திறந்து எண்ணுகிறோம். இங்கே கோடு பேரேடு, பிஸ்டனே ரொக்கம்.

பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க இயலாதா எனில், இயலாது. உச்சியருகே பிஸ்டன் ஏறக்குறைய அசைவற்று நிற்கிறது. டாப்பிற்கு 5 பாகை இப்புறம் இருந்தாலும் அது இறங்கியிருப்பது கால் மில்லிமீட்டர் அளவே. கண்ணுக்கும் விரலுக்கும் அது புலப்படாது.

இதற்கு உபாயம் எளியது. ஹெட் கழற்றியிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு தடித்த இரும்புப் பட்டையைச் சிலிண்டரின் குறுக்கே வைத்து, ஹெட் போல்ட்டுகளிலேயே முடுக்குக. பட்டையின் நடுவில் துளையிட்டு ஒரு போல்ட்டை இறக்கி, பிஸ்டன் உச்சிக்கு 5 மில்லிமீட்டர் முன்னரே அதில் முட்டி நிற்குமாறு செய்க. பிளைவீலைக் கையால் மெதுவாக ஓடும் திசையில் சுற்றி, பிஸ்டன் முட்டியதும் முள்ளுக்கு நேராக விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிடுக. பின்னர் எதிர்த்திசையில் சுற்றுக. மறுபுறம் முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இவ்விரு கோடுகளுக்கும் இடையேயுள்ள சிறிய வில்லை நாடாவால் அளந்து சரிபாதியில் இடும் கோடே மெய்யான டாப். இருபுறமும் ஒரே உயரத்தில் முட்டுவதால் பட்டையின் உயரத்தைத் துல்லியமாக அளக்க வேண்டிய அவசியமே இல்லை. பலாத்காரமாகச் சுற்றுதல் மட்டும் கூடாது. பிஸ்டன் தலை பழுதாகும்.

அடுத்துச் சக்கரத்தின் சுற்றளவை அளந்து 360ஆல் வகுக்க. சுற்றளவு 1440 மில்லிமீட்டர் எனில் ஒரு பாகை 4 மில்லிமீட்டர். 23 பாகை 92 மில்லிமீட்டர். பலர் தவறுவது இதை எப்பக்கம் குறிப்பது என்பதிலேதான். எஞ்சின் ஓடும் திசையில் சக்கரத்தைச் சுற்றுகையில் பீய்ச்சும் குறி முதலில் முள்ளைக் கடக்க வேண்டும். டாப் குறி அதன் பின்னர் வர வேண்டும்.

உட்புறப் பல்சக்கரங்களிலும் குறிகள் உண்டு. விசைத்தறி ஓட்டும் நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. சாதா நெசவில் கிராங்குத் தண்டு இருமுறை சுற்ற, அடித்தண்டு ஒருமுறை சுற்றுகிறதல்லவா? எஞ்சினிலும் கிராங்கு இருமுறைக்குக் கேம் தண்டு ஒருமுறையே சுற்றும். கிராங்குச் சக்கரத்தில் 24 பல் இருப்பின் ஒரு பல் மாறிக் கோத்தால் 15 பாகை பிசகுகிறது. இவ்வகை எஞ்சினில் டீசல் பம்பைத் தள்ளுவதும் அதே கேம் தண்டாகையால் வால்வும் பீய்ச்சுதலும் ஒருங்கே கெடும். டாப் இருமுறை வருவதையும் மறத்தலாகாது. இரு வால்வுகளும் மூடி, ராக்கர்கள் தளர்ந்து ஆடும் டாப்பே பீய்ச்சுதலுக்குரியது.

இறுதியாகப் பம்பைச் சோதிக்க. டெலிவரி வால்வையும் அதன் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, மேல்மூடியைத் திரும்பப் பூட்டி, சிறு வளைகுழாய் ஒன்றை இணைத்து, ஆக்ஸிலேட்டரை முழு டீசல் நிலையில் வைத்து டாங்க் குழாயைத் திறந்தால் டீசல் வழியும். மேற்சொன்ன டாப்பை நோக்கிச் சக்கரத்தை ஓடும் திசையில் மெல்லச் சுற்றுக. ஒழுக்கு சொட்டாகிப் பின் நிற்கும் கணமே பீய்ச்சுதலின் தொடக்கம். அப்போது 92 மில்லிமீட்டர்க் கோடு முள்ளில் நிற்கிறதா என்று பார்க்க. முந்தி நின்றால் பம்பின் அடியில் தகடு சேர்க்க வேண்டும்; பிந்தினால் எடுக்க வேண்டும். பின்னர் வால்வையும் ஸ்பிரிங்கையும் மறவாது பூட்டுக. 23 என்பது மேற்கூறிய எஞ்சினுக்கே உரியது. ஏனையவற்றுக்கு அவற்றின் கைப்புத்தகத்திலுள்ள எண்ணைக் கொள்க.

பட்டறை பில்லின் பின்புறத்தில் நான்கு எண்களை மெக்கானிக்கின் கையெழுத்துடன் பெற்றுக்கொள்ளுமாறு அங்கத்தினர்களுக்குச் சொல்வோம்: சக்கரத்தின் சுற்றளவு, பழைய கோட்டிற்கும் மெய்யான டாப்பிற்கும் உள்ள தூரம், சொட்டு நின்ற பாகை, பம்பின் அடியில் வைத்த தகடுகளின் எண்ணிக்கை. கூலியைத் தீர்ப்பது இவற்றைப் பெற்ற பிறகே ஆகட்டும்.