மிதக்கும் வீடு வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வரைபடங்கள் கிடைத்தன. கடலைப் பார்த்த ஜன்னல்களும் மாடித் தோட்டமும் மனதுக்குப் பிடித்தன. ஆனால் தண்ணீருக்குள் கிடக்கப்போகும் கான்கிரீட் தொட்டியை ஒற்றைக் கோட்டில் முடித்துவிட்டாய். வீட்டின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

எடையிலிருந்து தொடங்கு. உன் தொட்டி 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். கடல்நீரில் அது ஒரு சென்டிமீட்டர் இறங்க 615 கிலோ போதும். ஷட்டரிங் பிதுங்கிச் சுவரும், கவனக்குறைவால் தளமும் வெறும் 2 சென்டிமீட்டர் தடித்துவிட்டதாக வைத்துக்கொள். 140 சதுர மீட்டர் பரப்பில் 2.8 கன மீட்டர் கான்கிரீட் கூடும். அதாவது 7 டன். வீடு 11 சென்டிமீட்டர் அதிகமாக அமிழும். கரையில் கட்டும் வீட்டில் யார் கண்ணிலும் படாத பிசகு இது.

எடைக்குப் பயந்து, கம்பியை மூடும் கான்கிரீட் கவரின் தடிமனில் கைவைத்துவிடாதே. உப்பு ஊறிக் கம்பியை எட்டினால் துரு வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். அலை ஏறியிறங்கும் பரப்புக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கேட்பது 75 மில்லிமீட்டர் கவர். எடை குறைய வேண்டுமானால் இலகு கான்கிரீட்டை யோசி. 1919இல் அமெரிக்காவில் வெள்ளோட்டம் விட்ட ‘செல்மா’ கப்பல் அப்படிக் கட்டியதுதான். மறு ஆண்டே மெக்சிகோவின் டாம்பிகோ துறைமுகத்தில் மோதி உடைந்தது. சரிசெய்ய முடியாமல் 1922இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் அருகே மூழ்கடித்தார்கள். நூறாண்டு கடந்தும் அதன் உடல் அங்கே நீருக்கு மேல் தெரிகிறது. உப்பைத் தாங்கியது, மோதலைத் தாங்கவில்லை. படகு வந்து அணையும் பக்கத்தில் மோதலைத் தாங்க நீ ஒரு ஃபெண்டர்கூடப் போடவில்லையே!

இதைவிட என்னை உறுத்துவது, தொட்டியின் உட்புறம் தடுப்பே இல்லாமல் ஒரே கூடமாகக் கிடப்பது. உள்ளே நீர் புகுந்தால் என்னாகும் என்று பார். சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரிமேல் 1940இல் திறந்த கான்கிரீட் மிதவைப் பாலம், 1990 நவம்பர் 25 அன்று பழுதுபார்ப்பின் நடுவே மூழ்கியது. பழைய கான்கிரீட்டை நீர் பீய்ச்சிப் பெயர்த்தவர்கள், அந்தக் கழிவுநீரை ஏரியில் விடக் கூடாதென்று மிதவைகளுக்குள்ளேயே தேக்கியிருந்தார்கள். திறப்புகளும் மூடப்படவில்லை. புயல்மழையும் அலையும் அவ்வழியே இறங்கின.

உள்ளே புகுந்த நீர் சாய்ந்த பக்கமாகவே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே நீர்புகாத தடுப்புச் சுவர்களால் அறைகளாகப் பிரி. எந்த ஓர் அறை நிரம்பினாலும் வீடு மிதக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார். நீர்மட்டத்துக்குக் கீழே எந்தக் குழாயும் சுவரைத் துளைக்க வேண்டாம். தளமும் சுவரும் சேரும் மூலையில் நீர்க்கசிவைத் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் கட்டாயம். முடிந்தால் இரண்டையும் இடைவிடாமல் ஒரே மூச்சில் ஊற்றச் சொல்.

ஆம்ஸ்டர்டாமின் ஐபர்க் பகுதி மிதக்கும் வீடுகளை மாதிரியாக எடுத்திருக்கிறாய். நல்ல மாதிரிதான், ஆனால் அவை அடங்கிய நீரில் நிற்பவை. திறந்த கடலின் அலைக்கு அந்தத் தொட்டி போதாது. எந்த விரிகுடா, எந்தத் திசைக் காற்று, எவ்வளவு உயர அலை என்பதை முதலில் முடிவுசெய்து எழுது. ஜன்னல்களைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்