காற்றாலை ஏன் பொம்மையாகத் தெரிகிறது?

கேள்வி: மாதிரி ரயில் தளத்தில் காற்றாலையைச் சுழலவிட்டதும் எல்லாமே பொம்மை போல ஆகிவிட்டதே, ஏன்?

பதில்: வேகம்தான் காரணம். எச்ஓ அளவில் நீளம் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும், நேரம் சுருங்காது. பழைய டச்சுக் காற்றாலையின் இறக்கைகள் நிமிடத்துக்குச் சுமார் 15, 20 சுற்றுதான் சுற்றும். மாதிரியும் அப்படியே சுற்ற வேண்டும். ஆகவே மோட்டாருக்கு வேகம் குறைக்கும் கியர் பெட்டி கட்டாயம். வேகம் சரியானாலும் அசைவுகளைக் கூட்டாதீர்கள். ஹாம்பர்க்கின் மினியேச்சர் வுண்டர்லாந்தில் விமானமே கிளம்புகிறதே என்பீர்கள். அது 2001-இல் திறக்கப்பட்ட பிரம்மாண்டக் காட்சியகம். கண் தாவ இடமுண்டு. மேசை அளவுத் தளத்துக்கு ஓர் அசைவே அதிகம்! அசைவு கண்ணை இழுத்துவந்து நிறுத்துவது பக்கத்துக் கட்டடத்தின் பிளாஸ்டிக் மினுமினுப்பில்தான். அதற்கு மேட் வார்னிஷ் அடியுங்கள். கட்டடத்துக்கு உள்ளே விளக்கு வைத்தால் சுவரின் உட்புறத்துக்குக் கறுப்பு பெயின்ட். இல்லையேல் சுவரே ஒளிரும்.