நீர்த்துறையில் உயிர் காத்த மூவர்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது லோயர் கேம்ப். 1895-ஆம் ஆண்டில் பென்னிகுயிக் அவர்கள் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து வந்து, பெருங்குழாய்களின் வழியே இங்குள்ள மின் நிலையத்தில் இறங்குகிறது. பின்னர் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை வளப்படுத்தி, அப்பாலும் செல்கிறது. குடியானவருக்கு வாழ்வளிக்கும் இந்நீர், மின் உற்பத்திக்குத் தக்கவாறு கூடியும் குறைந்தும் வருவது. காலையில் முழங்காலளவு ஓடிய துறையில், மாலையில் ஆளைப் புரட்டும் வேகம் இருக்கக் கூடும்.

இத்தகைய துறையில் ஒருவர் தத்தளிக்கும்போது கரையில் நிற்போர் செய்யத் தக்கது யாது? பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமப் பெண்கள் மூவரின் செயலிலிருந்து இதை நாம் அறியலாம்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6-ஆம் நாள். மருதையாற்றின் குறுக்கே கொட்டரையில் அமைந்த நீர்த்தேக்கத்தில் செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி ஆகியோர் துணி துவைத்து முடித்து, வீடு திரும்பும் வேளை. கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த இளைஞர் சிலர் அங்கே குளிக்க முற்பட்டனர். மழையால் நீர் பெருகியுள்ளது, ஆழம் மிகுதி என்று இப்பெண்கள் எச்சரித்தனர். எச்சரிக்கை பயன்படவில்லை. நால்வர் ஆழத்தில் சிக்கினர். மூவரும் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து நீரில் வீசினர். அவற்றைப் பற்றிக்கொண்ட இருவர் பிழைத்தனர். மற்ற இருவர் கைக்கு எட்டாமலே மாண்டனர்.

அதே மாதம் 15-ஆம் நாள் சுதந்திர தின விழாவில், துணிவுக்கான கல்பனா சாவ்லா விருதை இம்மூவருக்கும் தமிழக அரசு வழங்கிச் சிறப்பித்தது. பொது இடத்தில் சேலையைக் களைவது நம் கிராமப் பெண்ணுக்கு எத்தகைய செயல் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. நீரில் குதிப்பதினும் அதற்கே மிகுந்த துணிவு வேண்டும் என்பது நம் கருத்து.

சேலை உதவியதன் காரணத்தையும் நோக்குவோம். அதன் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அதாவது, மீட்பவருக்கும் மூழ்குபவருக்கும் இடையே பதினெட்டு அடி தூரம் இருக்க முடிகிறது. மூழ்குபவர் தம்மை அறியாமல் அருகிலிருப்பவரைக் கட்டிப்பிடித்து அமுக்குவார். நன்கு நீந்துவோரும் இதனாலேயே மடிகின்றனர். ஆகவே முதலில் நீட்டுவது கழி. கழி எட்டாவிடில் கயிறோ, வேட்டியோ, சேலையோ. வீசுபவர் கரையில் படுத்தோ உட்கார்ந்தோ இருத்தல் நன்று; பின்னால் ஒருவர் அவர் இடுப்பைப் பற்றிக்கொள்ள வேண்டும். கயிற்றின் நுனியை ஒருபோதும் தம் உடலில் கட்டிக்கொள்ளலாகாது. லோயர் கேம்ப் போன்ற ஓடும் நீரிலே, கயிற்றை ஆளின் மேல் குறுக்காக விழும்படி எறிந்து, மேற்புறக் கரையில் நின்று உறுதியாகப் பிடித்திருந்தால், நீரோட்டமே அவரைக் கரையோரம் ஒதுக்கும். இழுத்துப் போராட வேண்டுவதில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது பெரிதன்று. குளிக்கும் துறைதோறும் மூங்கிற்கழி ஒன்றும், நுனியில் காலிப் பிளாஸ்டிக் கேன் கட்டிய கயிறு ஒன்றும் தொங்கவிடலாம். கிணற்றுக்கோ மாட்டுக்கோ அக்கயிறு போய்விடும் என்பர்; போகத்தான் செய்யும். அதனால் துறைக்கு அருகில் குடியிருப்பவர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, மாதம் ஒருமுறை பார்த்து வருதல் அவசியம். ஆழமான இடத்தையும் அவரே பிறருக்குக் காட்டட்டும். கொட்டரையில் அந்த வேலையையும் அப்பெண்கள்தாம் செய்தனர்.

பிறருயிர் காத்தவர் உங்கள் ஊரில் இருப்பின், நிகழ்ந்த நாள், இடம், நீரின் ஆழம், கண்டவர் பெயர் ஆகியவற்றை உடனே எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். குடியரசு தினத்தில் மாநில அரசு வழங்கும் அண்ணா பதக்கமும், மூன்று நிலைகளில் மத்திய அரசு வழங்கும் ஜீவன் ரக்ஷா பதக்கமும் இத்தகையோருக்கு உரியவை. காலம் கடந்தால் கண்டவர்களின் நினைவும் மங்கும். மீட்டவரோ தாமாக வந்து கேட்க மாட்டார்.